கேப்டன் ரான்சத்தின் தாடி

சனிக்கிழமை காலை, கோட்டு, டை, பளபளவென்று தேய்த்த கறுப்பு ஷூ, கையில் பைபிள் என்று சகல அலங்காரத்தோடும் ஆல்டன் மேப்ரி சர்ச் வாசலில் காரைவிட்டு இறங்கினார். கதவு பூட்டியிருந்தது. கார்கள் நிற்கிற மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் ஒருவன் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும்தான் ஆல்டனுக்குச் சுருக்கென்றது. ரான்சம் ஃபெர்ரியில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிறவனை ஊர் சும்மா விடாது. அப்படியென்றால் இன்று ஞாயிறு இல்லை.

"என்னப்பா, ஒருத்தரையும் காணோம்? கூட்டம் ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் காரை ஓட்டிவந்த மகள் ரோண்டா. முந்தின நாள்தான் மாண்ட்கமரியிலிருந்து வந்திருந்தாள்.

மனிதர் திருதிருவென்று விழித்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம் பழைய ரயில் நிலையம். ரயில் நின்று எத்தனையோ காலமாயிற்று. இப்போது அது ஊர் மியூசியம். வாசலில் 'திறந்திருக்கிறது' என்ற பலகை தொங்கியது. கிடைத்த கிளையைப் பிடித்துக்கொண்டார்.

"சர்ச்சுக்கு யாரு வந்தா? மியூசியம் பாக்க வந்தேன். சனிக்கிழமைதான் தொறப்பாங்க."

"மியூசியத்துக்கு டை எதுக்கு?"

"பெரிய மனுஷங்க படமெல்லாம் மாட்டியிருக்கும். ஒரு மரியாதைதான்."

"பைபிள்?"

பைபிளை இருக்கையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று சாலையைக் கடந்தார். பிறந்தது முதல் அந்த ஊரிலேயே இருக்கிறார். மியூசியத்துக்குள் காலெடுத்து வைப்பது அன்றைக்குத்தான். சொந்த ஊர் மியூசியத்துக்கு யார் போகிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளும், எங்கிருந்தோ பாட்டன் பூட்டன் பேரைத் தேடி வருகிறவர்களும்தான்.

ஆல்டன் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. மாட்டுத் தீவனக் கடையில் வாலிபனாகச் சேர்ந்து, அங்கேயே மூட்டை தூக்கி, அங்கேயே கணக்குப் பார்த்து, அங்கேயே தலை நரைத்தவர். எடைக்கல்லில் கூட ஏமாற்றாதவர் என்று பேர். ஆனால் இது அவருக்குப் பரீட்சைக் காலம். திங்கட்கிழமை ரோண்டா அவரை மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். கடிகாரம் வரையச் சொல்வார்களாம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்களாம். கால்குலேட்டர் இல்லாமல் எந்தப் புத்திசாலி கழிப்பான் என்று ஆல்டனுக்கு ஆத்திரம். ஆனால் நடந்ததையெல்லாம் அவர் மறுக்க முடியாது. அடுப்பில் பன்றிக்கறியைக் கருகவிட்டுத் தூங்கிப்போனது உண்மை. கோழிக்கு நாய்த் தீனி போட்டது உண்மை. போய்ச் சேர்ந்துவிட்ட மனைவி நெல்டாவைக் காபிக்குக் கூப்பிட்டது உண்மை.

ரோண்டா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே ஓர் அறை சீக்கிரம் காலியாகும் என்று போனில் சொல்லியிருந்தாள். அது எப்படிக் காலியாகும் என்று ஆல்டன் கேட்கவில்லை. டாக்டர் தலையை ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும், வீட்டுக்குப் பூட்டு, தக்காளிச் செடிக்குச் சமாதி, இவருக்கு அந்த அறை. தன் வீட்டில், தன் கட்டிலில் சாகவேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

மியூசியத்தில் பெட்டினா க்ரோல் என்ற அம்மாள் இருந்தார். வடக்கு மாநிலமான ஓஹையோவிலிருந்து கணவனோடு வந்து, கணவன் போன பிறகும் ஊரைவிட்டுப் போகாதவர். இருபது வருடமாகியும் ஊருக்கு அவர் வடக்கத்திக்காரிதான். அந்த வடக்கத்திக்காரிதான் ஊரார் குப்பையில் போட இருந்ததையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் துடைத்து அடுக்கிவைத்திருந்தார். பருத்தி நிறுக்கிற தராசு, பல் டாக்டரின் நாற்காலி, பஞ்சடைத்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி.

"வாங்க மிஸ்டர் மேப்ரி! நீங்க இந்தப் பக்கம் வருவீங்கன்னு கனவுல கூட நெனக்கல. கன்னுக்குட்டியைத் தொடாதீங்க, ஒரு கண்ணு கழண்டு கழண்டு விழுது."

ஆல்டன் கன்றுக்குட்டியின் நாலு கண்ணையும் பார்த்துவிட்டு, பெரிய அறிவாளி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். முன்பு டிக்கெட் கொடுத்த கூடத்துக்கு வந்தார். எதிர்ச் சுவரில், தனி விளக்குப் போட்டு, பெரிய சட்டத்தில் ஒரு படம். செம்பழுப்பு நிறம். கறுப்புக் கோட்டு, மார்பு வரை தாடி, ஒரு கையில் தொப்பி, யாரையும் மதிக்காத ஒரு பார்வை.

"வெண்டெல்!" என்றார் ஆல்டன்.

"யாருப்பா?"

"ரோண்டா, இங்க வா. உன் சித்தப்பன். என் தம்பி வெண்டெல். இங்க என்ன பண்றான் இவன்?"

பெட்டினா சிரித்துக்கொண்டே வந்தார். "இவர் கேப்டன் ஜெடடையா ரான்சம். ஆத்துல படகு விட்டு இந்த ஊரை உண்டாக்கினவர். ஆயிரத்து எண்ணூத்து எழுபத்திரண்டு. கீழ போட்டிருக்கு பாருங்க."

கீழே பித்தளைத் தகட்டில் போட்டிருந்தது. பெட்டினா அதைப் பார்க்காமலேயே ஒப்பித்தார்: தெய்வபக்தி மிக்கவர், வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர், இந்த வட்டாரத்தில் இன்றுவரை மது விற்கக் கூடாது என்ற சட்டம் அவர் செய்த சத்தியத்தால் வந்தது.

ஒரு சொட்டு மது தொடாதவரா! ஆல்டனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெண்டெல் மேப்ரி அந்த வட்டாரத்துக்கே கள்ளச்சாராயம் ஓட்டியவன். ராத்திரி பின்வாசலில் அவனிடம் ஜாடி வாங்காத வீடு குறைவு. காலையில் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத வீடும் குறைவு. ஒரு வருடம் இலையுதிர் காலத்து மழைநாளில் சரக்கு வண்டியோடு ஆற்றில் போனான். ரான்சம் ஃபெர்ரியில் சாவு விழுந்தால் அந்த வீட்டுச் சமையலறை மேஜையில் ஊரே சாப்பாட்டைக் கொண்டுவந்து குவிக்கும். பன்றித்தொடை, பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்பு. பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் பேர் ஒட்டியிருக்கும். வெண்டெல் செத்தபோது மேப்ரி வீட்டு மேஜை துடைத்துவைத்தபடியே இருந்தது. வந்தால் வாடிக்கைக்காரன் என்று தெரிந்துபோகும் என்ற பயம் எல்லோருக்கும். சர்ச் மூப்பரான அப்பா, வீட்டிலிருந்த அவன் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டார். அவன் பேர் மேஜையில் வரக்கூடாது என்றார். வரவில்லை. அம்மா சாகிறவரை வரவில்லை.

அதனால் ரோண்டாவுக்கு அப்படி ஒரு சித்தப்பா இருந்ததே அரைகுறையாகத்தான் தெரியும். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை ஆல்டனுக்குப் புரிந்தது. இல்லத்தில் கிழவர்களைப் பார்க்கிற பார்வை.

"அப்பா, சித்தப்பா எப்ப செத்தாரு?"

"எழுபத்திரண்டுல."

"இந்தப் படமும் எழுபத்திரண்டுதான். ஆனா எந்த எழுபத்திரண்டு? நூறு வருஷம் வித்தியாசம்ப்பா." மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அதான்! அதேதான்! நூறு வருஷ விழா! எல்லாரும் தாடி வளத்தோமே!"

"நீங்க தாடி வளத்தீங்களா?"

"நான் வளக்கல. உங்கம்மா, தாடி வச்சா கிட்ட வராதேன்னுட்டா. அபராதம் கட்டி பேட்ஜ் வாங்கிக்கிட்டேன்."

"தாடி வளக்கலன்னு அபராதமா?" ரோண்டாவின் முகம் இன்னும் கவலையானது. "உக்காருங்கப்பா. தண்ணி கேக்கறேன்."

சொல்லச் சொல்லக் கேட்பவர் முகம் மாறுகிறதே, அதைவிடக் கொடுமை உண்டா? நடந்தது நடந்ததுதான். ஊருக்கு நூறு வயதானபோது முன்னோர் மாதிரியே இருக்கவேண்டும் என்று ஊர் கிறுக்குப் பிடித்து ஆடியது. ஆம்பிளைகள் தாடி வளர்க்கவேண்டும். மழித்த முகத்தோடு கடைவீதியில் நடந்தால் விளையாட்டுப் போலீஸ் பிடித்துக் குதிரைத் தொட்டியில் முக்கிவிடும். தப்பவேண்டுமென்றால் மழிப்பதற்கு அனுமதி பேட்ஜ் வாங்கவேண்டும். பெண்களெல்லாம் தரை புரளும் பாவாடையும் தலைக்குல்லாயுமாகத் திரிந்தார்கள். தாடிப் போட்டியில் முதல் பரிசு வெண்டெலுக்கு. அவன் வாழ்க்கையில் ஜெயித்தது அது ஒன்றுதான். வெளியூர் படக்காரன் ஒருவன் கூடாரம் போட்டு, பழைய காலத்துப் படம் மாதிரியே எடுத்துக் கொடுத்தான்.

பெட்டினா தண்ணீரோடு வந்தார். "நூறு வருஷ விழா நடந்தது உண்மைதான்மா. அந்த அலமாரியில ஒரு படம் இருக்கு, பாருங்க."

பார்த்தார்கள். நீதிமன்றப் படிக்கட்டில் வரிசை வரிசையாகத் தாடி. அத்தனை பேரும் ஊரை உண்டாக்கியவர்கள் மாதிரியே இருந்தார்கள். ரோண்டாவுக்கு இப்போதுதான் கண் அகல விரிந்தது. "அட, நெஜமாத்தான் சொல்றீங்களா! சரி, இதுல சித்தப்பா யாரு? காட்டுங்க."

ஆல்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார். இவனா? இல்லை. அவனா? மூக்கு சரியில்லை. எல்லாம் தாடி. தம்பியின் முகம் தாடிக்குள்ளே எங்கே இருக்கும் என்றே நினைவு வரவில்லை. அவனைப் பார்த்து அரை நூற்றாண்டு. இத்தனை காலம் அவன் முகம் என்று மனதில் வைத்திருந்தது அவன் முகம்தானா?

"இதோ ஓரத்துல ஒரு பையன், மூஞ்சில ஒரு முடி இல்ல. யாரோ அசலூர்க்காரன்" என்றார், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

ரோண்டா குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

"அப்பா. அது நீங்க."

ஆல்டன் பார்த்தார். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒல்லிப் பையன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆமாம் என்றுதான் தோன்றியது. இல்லை என்றும் தோன்றியது. தன் மூஞ்சியையே அடையாளம் தெரியாத ஒருவன், தம்பியைச் சுவரில் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்புவாரா? வெண்டெல் என்று ஒருவன் இருந்தானா, தாடி வளர்த்தானா, இல்லை இதுவும் கோழிக்கு நாய்த் தீனி போட்ட கணக்குத்தானா?

பெட்டினா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மிஸ்டர் மேப்ரி, ஒண்ணு சொல்றேன். சுவத்துல இருக்கற இந்தப் படம் ஏலத்துல வாங்கின பெட்டியில கெடச்சது. கேப்டன் படம் வேற எங்கயும் இல்ல, நீதிமன்றம் எரிஞ்சப்ப எல்லாம் போச்சு. உடுப்பை வச்சு, ஊரை வச்சு இவர்தான் கேப்டன்னு நானே முடிவு பண்ணேன். தப்புன்னா சொல்லுங்க. ஊரை ஏமாத்த எனக்கு மனசு வராது, இப்பவே எறக்கிடுவேன்."

"எறக்கி?"

"பின் ரூம்ல, பெட்டியில."

"அவன் பேரைப் போட்டே மாட்டக் கூடாதா?"

"இருக்கறதே ஒரு சுவரு. சும்மா யாரோ ஒருத்தர் படம்னா எப்படி மாட்றது?" பெட்டினா சட்டத்தின் ஓரத்தைக் கையால் துடைத்தார். "காலையில கதவைத் தொறந்ததும் முதல்ல இவருக்குத்தான் வணக்கம் சொல்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா இவரைப் பாத்துத்தான் படம் வரையுதுங்க. ஊர் நாளுக்குச் சர்ச் பெண்கள் சங்கத்துலேர்ந்து மாலை வருது. போன தடவை ப்ரூயிட் வீட்டம்மா ஏணி போட்டு ஏறி மாட்டினாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க தம்பியா?"

ப்ரூயிட் வீட்டம்மாவா? அவள் அப்பன் வெண்டெலிடம் வாரம் தவறாமல் ஜாடி வாங்கியவன். சாவுக்கு ஒரு ரொட்டித்துண்டு அனுப்பாதவன். அவன் மகள் ஏணி போட்டு ஏறி மாலை போட்டாளா?

ஆல்டன் சுவரிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். நெற்றி. கண். தாடி. தொப்பி பிடித்த கை. கோட்டுக் கைக்குள்ளிருந்து ஏதோ பளிச்சென்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பொத்தான் என்று நினைக்கத் தோன்றும். பொத்தான் இல்லை. கைக்கடிகாரம். இழுத்தால் நீளுகிற எஃகுப் பட்டை. நிச்சயத்துக்கு நெல்டா ஆல்டனுக்கு வாங்கிக் கொடுத்த கடிகாரம்! விழாவன்று காலையில் காணாமல்போய், வீடு முழுக்கத் தேடி, வெண்டெல் பைபிளில் கைவைத்து, சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணா என்று சொன்னானே, அதே கடிகாரம்.

அடப்பாவி! வாய் கூசாமல் சத்தியம் செய்தாயே!

சந்தோஷத்தில் ஆல்டனுக்கு மூச்சு முட்டியது. தலை கெட்டுப்போகவில்லை. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விரலை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரோண்டாவின் பார்வை மாறிவிடும். வீடும் கட்டிலும் கைவிட்டுப் போகாது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுத்து நடக்கப்போவதும் தெரிந்தது. பெட்டினா ஏணியைக் கொண்டுவருவார். வெண்டெல் மறுபடி பெட்டிக்குள் போவான்.

"இல்லீங்கம்மா" என்றார் ஆல்டன். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இது கேப்டன்தான்."

பெட்டினா மூச்சு விட்டார். ரோண்டா அப்பாவின் முழங்கையைப் பிடித்து, படி இருக்கு, பாத்து, பாத்து என்று காருக்கு அழைத்துவந்தாள். கதவைத் திறந்துவிட்டாள். பெல்ட்டை மாட்டிவிட்டாள். அவர் கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"அப்பா, திங்கக்கிழமை டாக்டர்கிட்ட இதையும் சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அந்த ரூமுக்கு ஜன்னல் தோட்டத்தைப் பாத்த மாதிரி இருக்கு. நான் தெனமும் கூடவே இருப்பேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டினால்கூட ஆல்டன் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

"ரோண்டா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லுங்கப்பா."

"அவன் கையில வாட்ச் கட்டியிருக்கான். கோட்டுக் கைக்குள்ள. அது என் வாட்சு. திருட்டுப் பய."

ரோண்டா நம்பவில்லை. முதலில் சாவியைத் திருப்பப் போனாள். பிறகு நிறுத்தினாள். "கண்ணாடியை உள்ள வச்சிட்டேன்" என்று, தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆல்டன் தனியாக உட்கார்ந்திருந்தார். எதற்குப் பயப்படுவது என்றே புரியவில்லை. கடிகாரம் இருந்தால், இவள் அப்படியே அவள் தாத்தா, அந்தச் சர்ச் மூப்பர் மாதிரி. தப்பு என்றால் தாங்கமாட்டாள், அங்கேயே போட்டு உடைப்பாள், தம்பி போனான். கடிகாரம் இல்லாவிட்டால், அவர் போனார். இருந்ததே, கண்ணால் பார்த்தேனே என்றார். நெல்டாவையும் கண்ணால்தான் பார்த்தாய் என்றது மனசு. எதிரே புல் வெட்டுகிறவன் முடித்துவிட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஆல்டன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். உள்ளே போனவள் வருகிற வழியாக இல்லை.

கடைசியில் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா. மூக்கை வச்சுப் பாத்தாத்தான் தெரியுது."

ஆல்டன் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தம்மா பாத்துட்டாங்களா?"

"பின்னாலயே வந்து நின்னாங்க. அப்பா என்ன சொல்றாரு, ஏதாவது சந்தேகமா, மறைக்காமச் சொல்லும்மான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

ரோண்டா அவர் பக்கம் திரும்பினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு முகம். மேப்ரி வீட்டுக்காரர்களுக்கே வாய்த்த முகம்.

"எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு, இப்பல்லாம் ஆளே அடையாளம் தெரியறதில்ல, அவர் பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."